உங்களுக்குத் தெரியுமா? – வெடி வைத்துத் தகர்த்த அரண்மனை மீண்டும் எழுந்த கதை

போலந்தின் தலைநகர் வார்சாவில் பழைய நகருக்குள் நுழையும் இடத்திலேயே, விஸ்துலா ஆற்றங்கரை மேட்டில், ஐந்து பக்கங்கள் கொண்ட ஓர் அரண்மனை இருக்கிறது. அதற்கு இந்த உருவம் கிடைத்தது 1619இல். இன்று நாம் பார்க்கும் சுவர்கள் எழுந்ததோ 1970களில். இடையில் இந்த அரண்மனை எரிந்தது, கொள்ளை போனது, வெடி வைத்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய அரண்மனைகள் பல உண்டு. ஆனால் ஒரு நாட்டின் தலைவிதி இத்தனை முறை ஒரே கூரையின் கீழ் எழுதப்பட்ட இடங்கள் அதிகம் இல்லை.

✦

முதலில் இங்கே இருந்தது மசோவியக் கோமகன்களின் கோட்டை. 14ஆம் நூற்றாண்டிலேயே செங்கல்லால் ஒரு பெரிய கோபுரம் எழுந்துவிட்டது. 1526இல் அந்த வம்சத்தின் கடைசி வாரிசு இறந்ததும் மசோவியா போலந்து அரசோடு சேர்ந்தது. 1569இல் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே நாடாக இணைந்தபோது, இரண்டுக்கும் பொதுவான நாடாளுமன்றம் கூட வார்சா வசதியான இடமாகத் தெரிந்தது. ஆக, மன்னர் நிரந்தரமாகக் குடிவருவதற்கு முன்பே மக்கள் பிரதிநிதிகள் இங்கே கூடத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பிரதிநிதிகள் பிரபு குலத்தவர் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

✦

மன்னர் குடிவந்ததற்கு ஒரு தீ விபத்தும் காரணம். பழைய தலைநகர் கிராகோவில் இருந்த வாவெல் அரண்மனையில் 1595இல் தீப்பிடித்தது. அதன்பின் மூன்றாம் சிகிஸ்முண்ட் மன்னர் தன் அரசவையைக் கொஞ்சம் கொஞ்சமாக வார்சாவுக்கு மாற்றினார். இத்தாலியக் கட்டடக் கலைஞர்களை வைத்து அரண்மனையை ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டியவரும் அவர்தான். முகப்பில் இன்றும் ஓங்கி நிற்கும் கடிகாரக் கோபுரத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது. கோபுரத்தின் உயரம் சுமார் 60 மீட்டர்.

✦

ரஷ்யாவின் ஜார் மன்னர் ஒருவர் போலந்து அரசர் முன் தலைவணங்கி நின்றது இந்த அரண்மனையில்தான். 1610இல் குளூஷினோ போரில் போலந்துப் படை வென்றபின் ஜார் வாசிலி ஷூய்ஸ்கியின் ஆட்சி கவிழ்ந்தது. அவரும் அவருடைய சகோதரர்களும் சிறைப்பிடிக்கப்பட்டு, 1611 அக்டோபர் 29 அன்று செனட் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மறு ஆண்டே ஷூய்ஸ்கி சிறையில் இறந்தார். பின்னாளில் ரஷ்யாவின் பிடியில் போலந்து வந்தபோது, தங்கள் ஜார் வணங்கி நின்ற இதே அரண்மனையில்தான் ரஷ்ய ஆளுநர்கள் குடியிருந்தார்கள்.

✦

1620 நவம்பர் 15. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் பக்கத்திலுள்ள புனித யோவான் தேவாலயத்துக்குள் நுழைந்த சிகிஸ்முண்ட் மன்னரைச் சிறுகோடரி போன்ற ஆயுதத்தால் ஒருவர் தாக்கினார். அவர் பெயர் மிஹாவ் பியெகார்ஸ்கி. மனநிலை பாதிக்கப்பட்டவர். மன்னர் காயத்தோடு தப்பினார்; பியெகார்ஸ்கி கொடூரமாக மரண தண்டனைக்கு ஆளானார். விசாரணையின் சித்திரவதையில் அவர் தொடர்பில்லாமல் பிதற்றியது இன்றும் போலந்துப் பழமொழியாக நிற்கிறது. அர்த்தமில்லாமல் பேசுகிறவரைப் பார்த்து ‘பியெகார்ஸ்கி போல உளறாதே’ என்பார்கள். மனநோயாளி ஒருவரின் வேதனை நானூறு ஆண்டாகக் கேலிச் சொல்லாக ஓடுவது எனக்கு வருத்தம்தான். இந்தத் தாக்குதலுக்குப் பிறகு, தெருவில் கால் வைக்காமலே அரச குடும்பம் அரண்மனையிலிருந்து தேவாலயத்துக்குப் போய்வர மூடிய நடைபாதை நீட்டிக் கட்டப்பட்டது.

✦

ஒரே ஒருவர் எழுந்து ‘ஒப்பமாட்டேன்’ என்றால் போதும், நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முழுவதும் செல்லாமல் போய்விடும். இப்படி ஒரு விதி உலகில் எங்காவது இருந்திருக்குமா? போலந்தில் இருந்தது. 1652இல் இதே அரண்மனையில் விளாதிஸ்லாவ் சிச்சின்ஸ்கி என்ற உறுப்பினர் ஒற்றை ஆளாக எதிர்ப்புச் சொல்ல, கூட்டத்தொடர் முடங்கியது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதுவே வழக்கமானது. ஓர் உறுப்பினரை விலைக்கு வாங்கினாலே போலந்தின் கைகளைக் கட்டிவிடலாம் என்று அண்டை நாடுகள் புரிந்துகொண்டன. தனி மனித உரிமையின் உச்சம் என்று பிரபுக்கள் பெருமைப்பட்ட விதி, நாட்டைப் பலவீனப்படுத்திய விதிகளில் முதன்மையானதாக முடிந்தது.

விளைவு 1772இல் தெரிந்தது. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து போலந்தின் பகுதிகளைப் பங்கு போட்டுக்கொண்டன. அந்தப் பங்கீட்டுக்கு ஒப்புதல் தர 1773இல் இங்கே நாடாளுமன்றம் கூடியது. ததேயுஷ் ரெய்த்தான் என்ற உறுப்பினர் மண்டபத்தின் வாசலில் தரையில் விழுந்து குறுக்கே கிடந்தார். என்னை மிதித்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். பலன் இல்லை, ஒப்புதல் நிறைவேறியது. இந்தக் காட்சியை 1866இல் யான் மத்தேய்கோ பிரம்மாண்டமான ஓவியமாகத் தீட்டினார். போலந்தைப் பங்கு போட்ட ஆஸ்திரியாவின் பேரரசர் பிரான்ஸ் யோசப்பே அதை விலைக்கு வாங்கினார் என்பது வியப்பான செய்தி. விடுதலை பெற்ற போலந்து 1920இல் அதை மீட்டு வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் திருடிப்போய், போர் முடிந்தபின் கிடைத்து, இப்போது இதே அரண்மனையில் தொங்குகிறது.

✦

ஐரோப்பாவின் முதல் நவீன எழுத்து வடிவ அரசியலமைப்புச் சட்டம் இந்த அரண்மனையின் செனட் மண்டபத்தில் நிறைவேறியது. நாள் 1791 மே 3. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாவது என்று பலரும் கணக்கிடுகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியாளர்களின் அரசியலமைப்பு வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். எதிர்ப்பாளர்கள் பலர் ஈஸ்டர் விடுமுறைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மசோதா கொண்டுவரப்பட்டது. வெளியே சதுக்கத்தில் மக்கள் கூட்டம். மன்னர் ஸ்டானிஸ்வாவ் ஆகஸ்ட் போனியாடோவ்ஸ்கி உறுதிமொழி எடுத்தார். பிறகு எல்லோரும் புனித யோவான் தேவாலயத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அந்த ஒற்றை ஆள் எதிர்ப்பு விதியை ஒழித்ததும் இந்தச் சட்டம்தான்.

அது இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. ரஷ்யப் படை வந்தது. 1795இல் மூன்றாவது பங்கீட்டோடு போலந்து என்ற நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது, 123 ஆண்டுகளுக்கு. ஆனாலும் மே 3 இன்று போலந்தின் தேசிய விடுமுறை நாள். நடைமுறையில் தோற்றுப்போன ஒரு சட்டத்தை இவ்வளவு பாசத்தோடு கொண்டாடும் மக்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

✦

போலந்தின் கடைசி மன்னரான ஸ்டானிஸ்வாவ் ஆகஸ்ட் ஆட்சியில் தடுமாறியவர் என்று வரலாறு அவரைக் கடுமையாகவே எடைபோடுகிறது. கலை விஷயத்தில் அவர் தடுமாறியதில்லை. டொமினிக் மெர்லினி என்ற கட்டடக் கலைஞரையும் மார்செல்லோ பாச்சியரெல்லி என்ற ஓவியரையும் வைத்து அவர் அமைத்த சிம்மாசன அறை, வீரர் மண்டபம், பெரிய சபா மண்டபம், நூலகம் எல்லாம் இந்த அரண்மனையின் பெருமைகள். நூலகக் கட்டடம் மட்டும் இரண்டாம் உலகப் போரின் அழிவிலும் தப்பியது.

அவர் செய்த வேலைகளில் மிகப் பெரியது என்று நான் நினைப்பது, பெர்னார்டோ பெல்லோட்டோவை வார்சாவில் பிடித்துவைத்தது. வெனிஸ் நகரைத் தீட்டிப் புகழ்பெற்ற கனாலெத்தோவின் மருமகன் இவர்; போலந்தில் இவரையும் கனாலெத்தோ என்றே அழைப்பார்கள். ரஷ்யாவில் வேலை தேடிப் போகிற வழியில் வார்சாவுக்கு வந்தவர், 1780இல் இறக்கும்வரை இங்கேயே தங்கிவிட்டார். தெருக்கள், வீடுகள், தேவாலய முகப்புகள், வண்டிகள், காய்கறிக் கூடைகள், நாய்கள் என்று நகரத்தை அப்படியே தீட்டினார். அந்த ஓவியங்களில் 22 இன்றும் அரண்மனையில் அவர் பெயரிலான அறையில் இருக்கின்றன. நெப்போலியன் காலத்தில் சில பாரிசுக்குப் போய்வந்தன. 1830களில் ரஷ்யாவுக்குப் போயின, 1920களில் திரும்பின. பிறகு நாஜிகள் எடுத்துப்போனார்கள், அதிலிருந்தும் மீண்டன. 1945க்குப் பிறகு இடிந்த நகரத்தை மறுபடி கட்ட உட்கார்ந்தவர்கள் தங்கள் மேசையில் விரித்து வைத்த சான்றுகளில் இந்த ஓவியங்களும் இருந்தன. 18ஆம் நூற்றாண்டு மன்னர் ஒருவர் தன் அறைச் சுவருக்காக வாங்கியவை 20ஆம் நூற்றாண்டில் ஒரு நகரத்துக்கே உதவின.

✦

அரண்மனைச் சதுக்கத்தில் 1861 ஏப்ரல் 8 அன்று, ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கூடிய ஆயுதமில்லாத மக்கள் மீது படை சுட்டது. ஏராளமானோர் மடிந்தார்கள். சிலுவையைத் தூக்கிவந்தவர் அடிபட்டு விழ, அதைக் கையில் எடுத்த மிஹாவ் லண்டி யூத மாணவர். அவரும் சுடப்பட்டு இறந்தார். வார்சாவில் கத்தோலிக்கரும் யூதரும் தோளோடு தோள் நின்றதன் அடையாளமாக அவர் பெயர் நினைக்கப்படுகிறது.

✦

போலந்து மீண்டும் நாடான பிறகு அரண்மனை குடியரசுத் தலைவரின் இல்லமானது. எழுத்தாளர் ஸ்டெபான் ஜெரோம்ஸ்கிக்கும் 1924இல் இங்கே ஒரு வீடு ஒதுக்கினார்கள். மறு ஆண்டு அவர் இங்கேயே காலமானார். இந்த வீட்டின் ஜன்னல் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

✦

1939 செப்டம்பர் 17. ஜெர்மன் பீரங்கிக் குண்டுகள் அரண்மனை மீது விழுந்தன. கூரையும் கோபுரமும் எரிந்தன. பெரிய சபா மண்டபத்தின் விதானத்தில் பாச்சியரெல்லி தீட்டியிருந்த ஓவியம் அழிந்தது. கோபுரக் கடிகாரத்தின் முட்கள் 11:15இல் நின்றன. அரண்மனையின் கலைப்பொருள்களைக் காத்துவந்த அலுவலர் காஸிமியெஷ் பிரோக்ல் அன்று குண்டடிபட்டு இறந்தார்.

அடுத்து நடந்தது போர்ச் சேதம் அல்ல, திட்டமிட்ட அழிப்பு. அரண்மனையைத் தகர்க்கும்படி அக்டோபர் தொடக்கத்தில் ஹிட்லரே உத்தரவிட்டார். ஒரு மக்களின் அடையாளத்தை அழித்தால் அந்த மக்களை அடிமையாக்குவது எளிது என்பது கணக்கு. ஜெர்மானியர் கூரைத் தகட்டிலிருந்து தரைப் பலகைவரை பெயர்த்து எடுத்தார்கள். ஆக்கிரமிப்பு ஆட்சியின் தலைவர் ஹான்ஸ் பிராங்க் வந்து பார்த்தபோது சிம்மாசனத்தின் பின்திரையில் இருந்த வெள்ளி வேலைப்பாட்டுக் கழுகுகள் பிய்த்தெடுக்கப்பட்டன. பிறகு சுவர்களில் வெடிமருந்து வைக்க ஆயிரக்கணக்கில் துளை போட்டார்கள்.

✦

இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைக்கும் பகுதி இதுதான். தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஸ்டானிஸ்வாவ் லோரென்ட்ஸ், தன் ஊழியர்களோடு எரிந்த கட்டடத்துக்குள் புகுந்து, கையில் கிடைத்ததையெல்லாம் காப்பாற்றினார். மன்னர்களின் உருவப்படங்கள் முதல் கதவுகள், கணப்படுப்புகளின் பளிங்குத் துண்டுகள், சுவரின் மரவேலைப்பாடுகள், சுண்ணச் சிற்பத் துணுக்குகள் வரை எடுத்துவந்து மறைத்து வைத்தார்கள். துணுக்கு ஏன்? ஒரு பூவேலைப்பாட்டின் ஒரு கைப்பிடித் துண்டு கிடைத்தால், அதை அச்சாக வைத்து முழு வரிசையையும் மறுபடி செய்துவிடலாம். நாட்டின் விடுதலையே கேள்விக்குறியாக இருந்த நாளில், இந்த அரண்மனை என்றைக்காவது மறுபடி கட்டப்படும் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உயிரைப் பணயம் வைத்தார்கள்.

வார்சா பாலிடெக்னிக்கின் கட்டடக்கலைப் பேராசிரியர்களும் மாணவர்களும் இதே போல இன்னொரு வேலை செய்தார்கள். பழைய கட்டடங்களின் அளவு வரைபடங்களைப் பாதுகாத்து, கடைசியில் நகரத்திலிருந்து கடத்தி, பியோத்ர்கூவ் ஊரின் மடாலயம் ஒன்றில் ஒளித்து வைத்தார்கள். அதில் முன்னின்ற யான் ஸக்வாட்டோவிச்தான் போருக்குப் பின் பழைய நகரின் மறுகட்டுமானத்துக்கு வழிகாட்டினார். போர்க்காலத்தில் தாக்கக் கூடாத பண்பாட்டுச் சின்னங்களுக்கு உலகம் முழுதும் பயன்படும் நீலக் கேடய முத்திரையை வடிவமைத்தவராகவும் அவரையே குறிப்பிடுகிறார்கள்.

✦

துளை போட்ட சுவர்கள் ஐந்து ஆண்டுகள் அப்படியே நின்றன. 1944 ஆகஸ்ட் 1 அன்று வார்சா மக்கள் ஆயுதமேந்தி எழுந்தார்கள். பழைய நகரம் விழுந்தபின் செப்டம்பரில் ஜெர்மன் படையினர் அந்தத் துளைகளில் வெடிமருந்தை நிரப்பி அரண்மனையைத் தகர்த்தார்கள். மிஞ்சியது நூலகம், நிலவறைகள், சில சுவர்த் துண்டுகள், ஒரு ஜன்னல். அந்த ஜன்னல்தான் ஜெரோம்ஸ்கி குடியிருந்த வீட்டினுடையது. தகர்ப்பில் தப்பிய அந்தச் சுவர்ப் பகுதி புதிய கட்டடத்தில் இணைந்திருக்கிறது.

✦

போர் முடிந்ததும் பழைய நகர வீடுகள் மளமளவென்று எழுந்தன. 1953இல் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஆனால் அரண்மனை இருந்த இடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெறும் மேடாகவே கிடந்தது. கட்டுவோம் என்று 1949இலேயே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டிருந்தும், கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்களுக்கு மன்னர் வாழ்ந்த மாளிகையைக் கட்டுவதில் மனம் வரவில்லை. 1970 டிசம்பரில் பால்டிக் கடற்கரை நகரங்களில் தொழிலாளர் மீது படை சுட்டு, ஆட்சித் தலைமை மாறியது. புதிய தலைவர் எத்வர்த் கியெரெக் மக்களின் மனத்தைத் தொட வேண்டியிருந்தது. 1971 ஜனவரியில் அரண்மனையைக் கட்டும் அறிவிப்பு வந்தது. அவர் நோக்கம் அரசியலாகவே இருக்கட்டும். மக்கள் அதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். கட்டுமானம் பெரும்பாலும் நன்கொடையில் நடந்தது. வெளிநாட்டில் வாழ்ந்த போலந்துக்காரர்களும் பணம் அனுப்பினார்கள். பழைய மரச்சாமான்களையும் ஓவியங்களையும் வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்தவர்கள் உண்டு. கூலி வாங்காமல் உழைத்தவர்கள் உண்டு.

1974 ஜூலை 19. புதிய கோபுரத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதை ஓடவிட்ட நேரம் காலை 11:15. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நின்ற அதே நிமிடம். இன்றும் அந்த நேரத்தில் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதும் வழக்கம் இருக்கிறது. உள்ளே அறைகளின் வேலை இன்னும் பத்து ஆண்டுகள் நீண்டது. 1984இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

✦

சிம்மாசனக் கழுகுகள் என்ன ஆயின? அவற்றில் ஒன்று அமெரிக்காவில் கிடைத்தது. அதை மாதிரியாக வைத்து மற்றவற்றைப் புதிதாகப் பின்னினார்கள். சபா மண்டபத்தின் விதான ஓவியத்தையும் பழைய படங்களைப் பார்த்தே மறுபடி தீட்டினார்கள்.

✦

இந்த அரண்மனையில் இரண்டு ரெம்பிராண்ட் ஓவியங்கள் உண்டு. ஒன்று ஓவியச் சட்டத்துக்குள்ளிருந்து கை நீட்டும் இளம்பெண். மற்றது எழுதுமேசை முன் அமர்ந்த அறிஞர். இரண்டும் 1641இல் வரைந்தவை. கடைசி மன்னரின் சேகரிப்பில் இருந்தவை பின்னாளில் வியன்னாவின் லங்கோரோன்ஸ்கி குடும்பத்துக்குப் போயின. அங்கிருந்து நாஜிகள் பறித்துக்கொண்டார்கள். போருக்குப் பின் குடும்பத்துக்குத் திரும்பின. அந்தக் குடும்பத்தின் கரோலினா லங்கோரோன்ஸ்கா கலை வரலாற்றுப் பேராசிரியர். ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் அடைபட்டு உயிர்மீண்டவர். வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைக்கவும் விற்கவும் அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. 1994இல் இரண்டையும் குடும்பத்தின் வேறு பல ஓவியங்களோடு போலந்துக்கே கொடுத்துவிட்டார். ரெம்பிராண்டின் கைதானா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. ரெம்பிராண்ட் ஆய்வுக் குழுவின் எர்ன்ஸ்ட் வான் டி வெடரிங் 2006இல் அவருடையவையே என்று உறுதிசெய்தார்.

✦

‘புதிதாகக் கட்டியதற்கு எதற்குப் பாரம்பரியப் பட்டம்?’ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்விதான். யுனெஸ்கோவும் இதைப் பற்றித் தயங்கியது. ஆனால் 1980இல், அரண்மனைக்குள் வேலை முடியும் முன்பே, வார்சாவின் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 13ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டுவரை நீண்ட ஒரு வரலாற்றை ஏறக்குறைய முழுமையாக மீட்டுக் கட்டியதற்குக் கிடைத்த தனி அங்கீகாரம் அது. மறுகட்டுமானத்தை நடத்திய அலுவலகத்தின் ஆவணங்களும் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அந்த அங்கீகாரம் நியாயமானது என்பதே என் தீர்ப்பும். போலி என்பது இல்லாத ஒன்றை இருந்ததாகக் காட்டுவது. இங்கே இருந்த ஒன்றை, அளவும் சான்றும் துணுக்கும் வைத்து, அதை இழந்த மக்களே திரும்ப நிறுவியிருக்கிறார்கள்.

✦

வார்சாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சதுக்கத்தின் நடுவே சிகிஸ்முண்ட் மன்னரின் தூண் நிற்கும். எல்லோரும் அதைப் படமெடுப்பார்கள். அவருடைய மகன் 1644இல் நிறுத்தியது. உச்சியில் இருக்கும் வெண்கலச் சிலை 1944இல் கீழே விழுந்தும் தப்பியது. தூண்தான் புதியது, 1949இல் வைத்தது. பழைய தூண்கள் இரண்டும், முதலில் இருந்த சிவந்த பளிங்குத் தூணும் 1880களில் மாற்றிவைத்த கருங்கல் தூணும், அரண்மனையின் பக்கவாட்டில் புல்தரையில் கிடக்கின்றன. கட்டணம் எதுவும் இல்லை. சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைதான். அவற்றைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.